ஐந்தைந்தாக இழுத்தால்

தேநீர்க் கடையில் தேர்தல் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி: யாரும் கணக்குக் கேட்பதில்லை. கலகா சந்தியில் என் மச்சான் பிளேன்டீயும் கையுமாக, ஐக்கிய தேசியக் கட்சியைப் பற்றி "மத்திய மாகாணத்துல யானை எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் அது சட்டம். அந்தச் சட்டத்தை உடைக்கத்தான் 1988 முதல் 2014 வரையான மாகாண சபைத் தேர்தல் முடிவுகளை எக்செல்லில் ஏற்ற உட்கார்ந்தேன். மாகாணம் ஒன்பது, பெரிய கட்சி நாலைந்து. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மச்சான் வாயடைத்துப் போவார் என்பது திட்டம்.

முதல் தகராறு ஊர்ப் பெயரில். கண்டி மாவட்டத்தில் 13 தேர்தல் தொகுதிகள்; அவற்றில் எங்கள் பேராதனை கிடையாது. பல்கலைக்கழகம் உண்டு, பூந்தோட்டம் உண்டு, ரயில் சந்தியும் உண்டு, தொகுதி மட்டும் இல்லை. போகட்டும். இருக்கிற தொகுதியாவது ஒரே பெயரில் இருக்கக் கூடாதா? யட்டிநுவர, யட்டிநுவரை, யடிநுவர. மூன்றும் ஒன்றுதான் என்று தபால்காரருக்குத் தெரியும். எக்செல்லுக்கு அவை மூன்று ஊர்கள்.

அடுத்தது திகதி. 2012 செப்டம்பர் 8 அன்று கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் தேர்தல். 08/09/2012 என்று நம் வழக்கப்படி தட்டினேன். அமெரிக்க முறைக்கு வைத்திருந்த கணினி அதை ஆகஸ்ட் 9 என்று எடுத்துக்கொண்டது. 2013இன் 21/09 வந்ததும் இருபத்தோராவது மாதத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, இது திகதியே இல்லை என்று இடதுபக்கம் ஒதுக்கி வைத்தது. ஒரு தேர்தலை ஒரு மாதம் முந்தி நடத்துவதும் இன்னொன்றைத் தேர்தலாகவே ஏற்க மறுப்பதும் அமைச்சரவையின் உரிமை என்றல்லவா இதுவரை எண்ணியிருந்தேன்?

ஆனால் கணினியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 1993 மே 17இல் ஏழு மாகாணங்களுக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு. அழகாக ஒரே நிரை. 2008-09இலோ எட்டு மாகாணங்களுக்கு ஆறு வெவ்வேறு நாள். எங்கள் மத்திய மாகாணத்துக்கு வந்தது 2009 பெப்ரவரி 14, காதலர் தினம். எந்த மாகாணம் கனிந்திருக்கிறதோ அதை முதலில் பறிப்பது ஆளுங்கட்சியின் கெட்டித்தனம். போரின் கடைசி மாதங்களில் வாக்களித்த கண்டியையும், போர் முடிந்து அந்த ஒக்டோபரில் வாக்களித்த காலியையும் "2009" என்ற ஒரே தலைப்பின் கீழ் எப்படி நிறுத்துவது?

கட்சிகளும் ஒத்துழைக்கவில்லை. 1988இல் சுதந்திரக் கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. அடுத்த தேர்தலில் அதன் வளர்ச்சி எத்தனை வீதம் என்று கேட்டேன். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று பதில் வந்தது. பிறகு அதே முகாம் சின்னம் மாறி, தொண்ணூறுகளில் கதிரையில் அமர்ந்து, 2004க்குப் பின் வெற்றிலை போட்டது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது தனி வழக்கு: ஒருசமயம் யானை, இன்னொரு சமயம் வெற்றிலை, தனியாகக் கேட்டால் சேவல். மந்திரிப் பதவி என்று ஒரு நிரல் போட்டிருந்தால் ஒருவேளை தொடர்ச்சி தெரிந்திருக்கும்.

கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றின் ஆசனங்களையும் கூட்டினால் 56. மாகாண சபையில் 58. அந்த இரண்டும் வென்ற கட்சிக்குக் கிடைக்கும் போனஸ். எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லை. கூட்டல் சரிவரவில்லை என்று எக்செல் முறைத்தது. சட்டமே அப்படித்தான் ராசா என்று அதற்கு யார் சொல்வது?

என்றாலும் வடகிழக்குக்கு முன்னால் இதெல்லாம் சும்மா. 1988இல் இரண்டும் ஒரே மாகாணம், 71 ஆசனங்கள். ஆகவே வடக்கையும் கிழக்கையும் ஒரே கட்டமாக இணைத்தேன். 2006இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது, நானும் பிரித்தேன். இணைத்த கட்டத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பதையெல்லாம் இடப்பக்கக் கட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வலப்பக்கத்தை வெறுமையாக விடுவது எக்செல்லின் குணம். வடக்கு இடப்பக்கம் இருந்தது, எல்லாம் அதற்கே போயிற்று. உண்மையில் 1988இல் வாக்களித்தது கிழக்கு. வடக்கில் போட்டியே இல்லாமல் ஆசனம் நிரம்பியது. வாக்கு பூச்சியம், ஆசனம் 36. ஒரு ஆசனத்துக்கு எத்தனை வாக்கு என்று கேட்டபோது விடை பூச்சியம் என்று வந்தது. இந்தச் சிக்கனத்தை வேறெந்த மாகாணமும் எட்டவில்லை. வடக்கு தனக்கென்று வாக்களிக்க 2013 செப்டம்பர் 21 வரை காத்திருந்தது. அப்போது தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30. நடுவில் இருக்கும் அத்தனை கட்டங்களிலும் பூச்சியம் போடுவதா, வெறுமையாக விடுவதா? பூச்சியம் போட்டால் சராசரி விழுகிறது. விட்டால் அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது.

மச்சான் ஒரு மாலை வந்து திரையை எட்டிப் பார்த்தார். ஆண்டு நிரலை முதலிலிருந்து ஒழுங்காகப் போடலாமே என்று 1988, 1993 இரண்டையும் தெரிவுசெய்து கீழே இழுத்தேன். 1998, 2003, 2008, 2013, 2018, 2023, 2028 என்று எக்செல் கடகடவென்று நிரப்பியது. மாகாண சபையின் ஆயுள் ஐந்து வருடம் என்ற சட்டத்தை இந்த நாட்டில் ஒழுங்காக மதிப்பது இது ஒன்றுதான். 2014 செப்டம்பரில் ஊவாவுக்குப் பிறகு தேர்தலே இல்லை, 2017இல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றமே தோற்கடித்தது என்பதெல்லாம் அதற்கு யாரும் சொல்லவில்லை.

"2018, 2023 இரண்டையும் அழி" என்றார் மச்சான்.

"2028?"

"அதை விடு. யானை எத்தனை எடுக்கும்னு நான் சொல்றேன், எழுதிக்கோ."