சேட்டு கல்கத்தாவில், ரயில் சுவரில்

ராஜஸ்தானின் வடகிழக்கில் ஷெகாவதி என்றொரு வறண்ட சீமை. மழை பெய்து கம்பு விளைந்தாலே பெரிய விஷயம். ஆனால் அங்குள்ள நவல்கட், மண்டாவா ஊர்த் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் சுவர் கொள்ளாமல் கிருஷ்ணன், யானை, தொப்பி போட்ட வெள்ளைக்காரன். இதற்கெல்லாம் ஏது காசு?

ஒட்டகச் சரக்கு இந்த வழியாகப் போன காலத்தில், உள்ளூரை ஆண்ட டாக்கூர்கள் சுங்கத்தைக் குறைத்து வியாபாரிகளை வளைத்துப் போட்டார்கள். சிலர் அதே சரக்கைக் கொள்ளையும் அடித்தார்கள். தள்ளுபடியில் விட்டதை எங்கேயாவது பிடிக்க வேண்டாமா? கொள்ளையை அடக்க 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜுன்ஜுனுவில் படை நிறுத்தினார்கள். அதற்குள் வியாபாரமே கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களுக்கு நகர ஆரம்பித்திருந்தது. காவல் வந்தது, காக்கத்தான் சரக்கில்லை.

மார்வாடி வியாபாரி சும்மா இருப்பாரா? அவரும் கல்கத்தாவுக்கு மூட்டை கட்டினார். அபின், பருத்தி, சணல் என்று தொட்டதெல்லாம் காசு. பிலானி பிர்லாக்களும் நவல்கட் போதார்களும் இந்த மணலில் முளைத்தவர்கள்தான். ஆனால் கல்கத்தாவில் எவ்வளவு சம்பாதித்து என்ன, சொந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் வயிறெரிய வேண்டுமே! எழும்பின ஹவேலி மாளிகைகள். வெளிமுற்றம் ஆண்கள் வியாபாரம் பேச, உள்முற்றம் பெண்களுக்கு. பேச வேண்டிய ஆண்கள் கல்கத்தாவில்.

அவற்றின் சுவரில் படம் போட்டவர்கள் சேஜாராக்கள். கொத்தனாரும் அவர்களே, ஓவியரும் அவர்களே. சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காய்வதற்குள் வர்ணம் ஏறியாக வேண்டும். "ரயில் போடு" என்று சேட்டு கடிதம் எழுதியிருப்பார். ரயிலைக் கண்ணால் பார்த்திராதவர் என்ன செய்வார்? தனக்குக் கட்டத் தெரிந்த வீட்டையே வரிசையாக நிறுத்திச் சக்கரம் மாட்டினார். ஜன்னலுக்கு ஒரு தலை, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பி. ஜெர்மன் ரசாயன வர்ணம் வந்ததும் நீலமும் சிவப்பும் கண்ணைப் பறித்தன. மோட்டார் வந்ததும் கிருஷ்ணனும் ராதையும் காரில் ஏறினார்கள். பல்லக்குத் தூக்கிகளுக்கு ஓய்வு.

கடைசியில் குடும்பங்களும் சேட்டுகளின் பின்னாலேயே போய்விட்டன. பல ஹவேலிகளில் பூட்டும் ஒரு காவல்காரச் சௌகிதாரும்தான் மிச்சம். விற்கலாமென்றால் பங்காளி ஒருவர் மும்பையில், ஒருவர் கல்கத்தாவில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. ஷெகாவதியின் ஃபதேபூரில் 1802இல் கட்டிய ஒரு ஹவேலியை 1990களின் இறுதியில் நதீன் லே பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். அந்தம்மா ஓவியத்தைச் சீர் செய்தது இருக்கட்டும். பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியிருப்பாரே, அந்த வித்தையை யாராவது சுவரில் வரைந்து வைக்கலாம்!