சேதாரம் போக மீதி

நடுத்தரக் குடும்பத்து அகராதியில் பங்குச் சந்தைக்குச் சூதாட்டம் என்று பொருள். 1978-79ஐ 100 என்று வைத்துக் கணக்கிடும் சென்செக்ஸ், 2024இல் 80,000 புள்ளிகளைத் தாண்டியது. நம் அப்பாக்களும் அதைச் செய்தித்தாளில் தவறாமல் கவனித்தார்கள், சிரபுஞ்சியில் எவ்வளவு மழை என்று பார்ப்பதுபோல.

அட்சய திருதியை அன்று வரிசையில் நின்று, செய்கூலி, சேதாரம், போதாக்குறைக்கு ஜிஎஸ்டி எல்லாம் கொடுத்து ஆரம் வாங்கினால் அது முதலீடு. விற்கவே கூடாத முதலீடு. அதிகபட்சம் அடகுக் கடை வரை போய்வரும். கொசுறுக் கொத்தமல்லிக்குப் பத்து நிமிடம் மல்லுக்கட்டும் வாய், சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்கக் கூச்சப்படும்.

காப்பீடு மார்ச் மாதக் காய்ச்சல். டேர்ம் பாலிசி வேண்டாம்: "செத்தாத்தானே சார் பணம்? உயிரோட இருந்தா நஷ்டமாச்சே!"

வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்றால், "அதுக்கு மேல போனா?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். தெருமுனை ஏலச்சீட்டுக்காரரிடம் மட்டும் ரசீதுகூடக் கேட்பதில்லை. தெரிந்த மனிதர், மனசு சங்கடப்படுமாம்.