விடுதிக்கு விலக்களித்த அலை

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கொழும்பில் கூடிய பெரியவர்கள் கடலைப் பற்றி ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்கள். சுனாமி மீனவன் குடிலைத்தான் தேடி வரும். சுற்றுலா விடுதியைத் தொடாது.

அப்படித்தான் விதி போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதற்குள் யாரும் வீடு கட்டக் கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் குடியிருக்கிற பக்கம் மட்டும் அலைக்கு ஏன் இரண்டு மடங்கு ஆத்திரம் என்று கேட்டுவிடாதீர்கள். எல்லாம் உங்கள் உயிர்மேல் உள்ள கரிசனம். ஹோட்டல்காரருக்கோ சலுகை: உடைந்ததைத் திருத்திக்கொண்டு தொழிலைப் பார்க்கலாம். யால காட்டோரம் இருந்த விடுதியை விருந்தாளிகளோடு சேர்த்து அள்ளிப்போனதும் இதே அலைதான். அது கணக்கில் வரவில்லை.

நாட்டைக் கட்டியெழுப்பவென்று அமைத்த செயலணியில் வர்த்தகப் பிரமுகர்கள் உட்கார்ந்தார்கள், விடுதி முதலாளிகள் உட்பட. கரைவலை இழுக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

நாட்டிலேயே அதிகம் பேர் செத்தது அம்பாறை மாவட்டத்தில். அந்த மாவட்டத்து அறுகம் குடாவுக்குத் தீட்டிய திட்டத்தைப் பாருங்கள்: சொகுசு விடுதிகள், மிதவை விமானம் வந்து சேர ஒரு துறை, ஹெலிகொப்டர் இறங்க ஒரு தளம். பிள்ளையைப் பறிகொடுத்துத் தார்ப்பாயின் கீழ் கிடக்கிற தாய்க்கு ஹெலிகொப்டர் தளம் எவ்வளவு அவசரம்! உலகமே உண்டியல் குலுக்கிக் காசு அனுப்பியது இவளைக் காட்டித்தானே.

கரையை விட்டால் பிழைப்பில்லை என்று மீனவர் ஊர்வலம் போனார்கள், கத்தினார்கள். கருக்கலில் எழுந்து காற்றின் போக்கைப் பார்த்துத்தான் வள்ளத்தை இறக்க வேண்டும். கரை திரும்பியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டில் வைக்காவிட்டால் விடியும்போது இருக்காது. இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது. வரைபடத்தில் தெரிந்தது வெறும் மணல், நல்ல விலை போகிற மணல். அதைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டு வந்ததற்கு உறுதிப் பத்திரமா இருக்கிறது, எடுத்துக் காட்ட?

2005 கடைசியில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியது. உடனே கடலின் மூர்க்கமும் தணிந்துவிட்டது, எல்லையைக் குறைத்தார்கள். அந்த 200 மீட்டர் எந்த விஞ்ஞானத்தில் பிறந்தது, எந்த விஞ்ஞானத்தில் செத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் கரையை விட்டு உள்ளே ஏற்றப்பட்டவர்களுக்குப் புது வீடும் திறப்பும் கொடுத்துப் படமும் பிடித்தாயிற்று. அவர்கள் வள்ளத்தை இனி எங்கே இறக்குவது, வயல் வாய்க்காலிலா?