ஒயினுக்குப் போற மருமகனுக்கு

மாப்ள, நீ வாட்ஸ்அப்புல அனுப்புன பயணத் திட்டத்தை உங்க அத்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சனிக்கெழமை காலை ஆறு மணிக்குப் புனேயில பொறப்பாடு. ஞாயித்துக்கெழமை ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப வீடு. நடுவுல பண்டார்தரா, இகத்புரி, நாசிக், அங்கிட்டுத் தாண்டி சாபுதாரா. அருவி அஞ்சு, ஒயின் தோட்டம் நாலு. மாசம் பிப்ரவரி. வாசிச்சு முடிச்சுட்டு, "இந்தப் பயலுக சாப்பிடுறது எப்ப, தூங்குறது எப்ப?"ன்னா உங்க அத்தை. அதெல்லாம் வயசுப் பயலுக பாத்துக்குவாய்ங்க. பிப்ரவரியில அருவிக்குத் தண்ணி நீ கொண்டு போறியா, இல்ல லாரியில வருதா? எனக்கு அதுதான் வெளங்கல.

நீ டவுன்ல வளந்தவன், உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. கம்பத்துல பந்தலுக்கு அடியிலயே காலத்தைக் கழிச்ச எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அருவியைப் பெத்தது மழை. அதே மழைதான் திராட்சைக்கு எமன். பூ விடுற நேரம் பாத்து நாலு நாள் தூறுனா அடிச்சாம்பல் வந்து கொத்து கருகிப்போகும். பழத்துல சக்கரை ஏறுற நேரத்துல பேஞ்சா தோல் வெடிச்சு, ஈ வந்து உக்காந்து, யாவாரி தோட்டத்து வாசல்லயே வண்டியைத் திருப்பிருவான். அதனால நாசிக்காரய்ங்க கெட்டிக்காரத்தனமா ஒரு கணக்கு வச்சிருக்காய்ங்க. ஏப்ரல்ல ஒரு கவாத்து வெட்டிக் கொடியைத் தேத்துறாய்ங்க. மழைக்காலம் பூரா அது வெறும் எலையோட நிக்கும். மழை ஓயுற செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது கவாத்து, அதுதான் காய்க்கு. சனவரியில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் அறுப்பு. அப்ப அருவி? சூன்ல மழை எறங்கி, சூலை, ஆகஸ்ட்ல கொட்டித் தீத்து, தீவாளி கழிஞ்சதும் மெலிஞ்சு, பிப்ரவரியில பாறை மட்டும் பாக்கி. உன் திட்டப்படி போனா அஞ்சு பாறை பாத்துட்டு வருவ. பாறை பாக்குறதுக்கு மூணு பேரைக் கூட்டிக்கிட்டு அம்புட்டு தூரம் போகணுமா?

"அப்பறம் எப்படி மாமா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேப்ப. நல்ல கேள்வி. மேகம் கடல்ல இருந்து வந்து மலையில முட்டுற எடம் இகத்புரி. அங்க வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டும். அங்கிருந்து ஒரு மணி நேரம் கெழக்க போனா நாசிக்கு. அங்க 700 சொச்சம் பேஞ்சா பெருசு. மலை மழையை வாங்கிக்குது, சமவெளி வெயிலை வாங்கிக்குது. நாசிக்கு கடல் மட்டத்துல இருந்து 600 மீட்டர் ஒசரத்துல கெடக்குறதால மார்கழி, தையில ராத்திரிக்குக் குளிரும் சேந்து வருது. பகல்ல வெயில், ராத்திரி குளிர், ஒயின் திராட்சைக்கு இதைவிட வேற என்ன வேணும்? குமுளியில கொடை பிடிச்சுட்டு மலையெறங்குனா கம்பத்துல வேட்டியைக் காயப்போடலாம்ல, அதே கதைதான்.

அதனால மொத வேலையா அந்தத் திட்டத்துல பிப்ரவரியை அடிச்சுட்டு செப்டம்பர் கடைசின்னு எழுது. அப்ப அருவியில தண்ணி இருக்கும், ஆடியில மாதிரி மூடுபனியில ரோடு மறையாது. "கொடியில பழம் இருக்காதே, கூடையோட போட்டோ எடுக்க முடியாதே"ன்னு மூஞ்சியைத் தூக்காத. மோர் குடிக்கப் போறவன் மாடு கறக்குற நேரம் பாத்தா போறான்? போன அறுப்புல பிழிஞ்சது எவர்சில்வர் தொட்டியிலயும் மரப் பீப்பாயிலயும் கெடக்கு, அது ஓடிப் போகாது. இன்னொண்ணும் சொல்றேன். ஷிராஸ், காபர்நேன்னு பேரு கெத்தா இருக்கும், ஆனா அந்தப் பழத்தை வாயில போட்டுப் பாத்திருக்கியா? நாங்க விவசாயிகளாச் சேந்து அங்கிட்டு ஒருக்கா பாக்கப் போனப்ப நான் போட்டுப் பாத்தேன். இத்தினிக்கூண்டு பழம், தடிச்ச தோலு, உள்ள கொட்டை. இனிப்பு மட்டும் பல்லு கூசுற இனிப்பு. அந்த இனிப்புதான் பின்னால போதையாகுது.

இப்ப வழி. புனேயில இருந்து வெள்ளனப் பொறப்பட்டா நாராயண்காவ் வரும். 1980கள்ல சௌகுலேன்னு ஒருத்தர் அங்கதான் பிரான்சு நாட்டு முறையில நுரை ஒயின் செஞ்சு, அந்த நாட்டுக்காரனுக்கே வித்தாரு. அங்க நிக்க வேணாம், நெனைச்சுக்கிட்டே தாண்டு. சங்கம்நேர்ல எடது பக்கம் ஒடிச்சு அகோலே வழியா மேக்க போனா ராந்தா அருவி. பிரவரா ஆறு 170 அடி கீழ விழுகுது. கொஞ்சம் மேல போனா 1926ல கட்டி முடிச்ச வில்சன் அணை. அணையில தண்ணி தெறந்தா கீழ பாறை மேல விரிஞ்சு விழுகும், அதுக்குக் குடை அருவின்னு பேரு. ராத்திரி அங்கயே பண்டார்தராவுல தங்கு. மகாராஷ்டிராவுலயே ஒசந்த கல்சுபாய் சிகரம், 1,646 மீட்டர், அங்க பக்கத்துலதான். ஏறணும்னு கூட வர்ற எவனாவது சொன்னா, தொந்தியைப் பாத்துட்டுப் பதில் சொல்லு.

மறுநாள் கோட்டி வழியா இகத்புரி. கசாரா பக்கம் விஹிகாவ்ல ஒரு அருவி, அதை அசோகா அருவின்னும் சொல்றாய்ங்க. 2001ல ஷாருக் கானை வச்சு எடுத்தாய்ங்களே, அந்தப் படத்துல கொஞ்சம் அங்க எடுத்தது. நம்ம அஜித் கூட அதுல வருவாரு, அதைச் சொன்னா உன் கூட்டம் குளிக்காம வராது. இகத்புரியில இன்னொரு விசேசம் உண்டு. ஒரு பக்கம் ஒயின் தோட்டம். இன்னொரு பக்கம் பத்து நாள் வாயைத் தெறக்காம உக்காந்து தியானம் பண்ற விபாசனா மடம். உன்கூட வர்றானே அந்த வாய்க்காரப் பய, அவனை எந்தப் பக்கம் எறக்கி விடணும்னு யோசிச்சு வச்சுக்க.

திரிம்பக் பக்கம் துகர்வாடின்னு ஒரு அருவி எழுதியிருக்க. அதை எடுத்துரு. மேல மலையில மழை பேஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே தண்ணி வந்து, போனவனைப் பாறையில நிறுத்திப்புடும். அருவி ஆசை தீரலைன்னா நாசிக்குக்குள்ளயே சோமேசுவர்ல கோதாவரி சின்னதா ஒரு குதி குதிக்குது. அங்க இருந்து கங்காப்பூர் ரோட்டுலயே பெரிய ஒயின் தோட்டம், சூலா.

அந்தச் சூலாக் கதையை உங்க அம்மா காதுல போட்டுராத. ராஜீவ் சாமந்த்னு ஒரு ஆளு, அமெரிக்காவுல, உன்னை மாதிரியே கம்ப்யூட்டர் கம்பெனியில நல்ல வேலையில இருந்தவரு. அதை விட்டுட்டு அப்பா நெலத்துக்கு வந்து கொடி நட்டாரு. 2000ல மொத பாட்டில் வந்துச்சு. 2022ல கம்பெனி பங்குச் சந்தைக்கே போயிருச்சு. உனக்கும் அப்படி ஏதாவது எண்ணம் வந்தா, மொதல்ல எங்கிட்ட வந்து மருந்துச் செலவு என்னன்னு கேளு, எண்ணம் தன்னால எறங்கிரும்.

அங்க போனா கிளாஸை எப்படிப் பிடிக்கணும்னு ஒரு தம்பி பாடம் எடுப்பாரு. அடியில காம்பைப் பிடிக்கணும், சுத்தணும், மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கணும். லட்சுமணன் சூர்ப்பணகை மூக்கை அறுத்த பஞ்சவடி அந்த ஊர்லதான்டா இருக்கு, மூக்கை எங்க நீட்டுறோம்னு பாத்து நீட்டு. ஒருத்தர் மோந்து பாத்துட்டுக் கொய்யாப்பழ வாசம் வருதும்பாரு. இன்னொருத்தர் பச்சை மொளகாய்ம்பாரு. நீயும் தலையை ஆட்டு, தெரியலைன்னு சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பாய்ங்க. துப்புறதுக்குன்னு ஒரு பாத்திரமும் வச்சிருப்பாய்ங்க. வெத்தலை போடுற பரம்பரைக்கு அது ஒண்ணும் புதுசில்ல, ஆனா காசு குடுத்ததைத் துப்புற கூட்டமா உன் கூட்டம்?

இங்கதான் மாப்ள உன் திட்டத்துல பெரிய ஓட்டை. 'டிரைவர்'னு ஒரு கட்டம் போட்டு, எதிர்ல 'பாத்துக்கலாம்'னு எழுதியிருக்க. ரோட்டுல நிக்கிற போலீஸ்காரரும் அதையேதான் சொல்லுவாரு. நூறு மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தாலே குத்தம். மொத தடவையே பத்தாயிரம் ரூவா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேந்தும் வரலாம். "ஒவ்வொரு எடத்துலயும் ஒரு வாய்தான் மாமா"ங்கிற. நாலு தோட்டம், தோட்டத்துக்கு அஞ்சு வகை, கூட்டிப் பாரு. காலையில அருவி, சாயந்தரம் ஒயின், அந்த ஊர்லயே படுக்கை, மறுநாள் மதியத்துக்கு மேல வண்டி. இதை மாத்தி ஒயின் குடிச்சுட்டு அருவிக்குப் போனீங்கன்னா பாசி பிடிச்ச பாறை எவன் எம்புட்டுப் படிச்சவன்னு பாக்காது. நாலு தோட்டத்தை ரெண்டாக் கொறை, உள்ளூர்ல ஒரு டிரைவரைப் பேசி வச்சுக்க, திங்கக்கெழமைக்கு லீவு போடு. ஆபீசுல காரணம் கேட்டா மாமாவுக்கு மேலுக்கு முடியலைன்னு சொல்லு, நான் இருமிக் காட்டுறேன்.

சாபுதாராவைப் பத்திப் பேசவே எனக்குச் சிரிப்பு வருது. நாசிக்கு எல்லையைத் தாண்டுனா அது குஜராத்து. 1960ல மாநிலம் பொறந்த நாள்ல இருந்து அங்க மதுவெலக்கு. அந்த ஊர்க்காரய்ங்க வார லீவுக்கு நாசிக்குப் பக்கம் வண்டியைத் திருப்புறாய்ங்க. நீ மட்டும் டிக்கி நெறைய பாட்டிலோட அங்கிட்டுப் போறேங்கிற. மலை நல்ல மலைதான், நான் இல்லேங்கல. போறதுன்னா ஒயினுக்கு முன்ன போ, வெறும் டிக்கியோட போ. செக்போஸ்ட்டுல நின்னுக்கிட்டு "கொய்யாப்பழ வாசம் வருது சார்"னு நீ வெளக்கம் சொன்னா எடுபடாது.

இம்புட்டு அலையுறதுக்கு எங்க ஊருக்கே வந்திருக்கலாம்னு உங்க அம்மா சொல்லுவா. சொல்லட்டும். எங்க பன்னீர் திராட்சை 1832ல பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் கொண்டாந்ததுன்னு சொல்றாய்ங்க, 2023ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. நாசிக்கு மாதிரி வருசத்துக்கு ஒரு அறுப்புன்னு உக்காந்திருக்காது. ரெண்டு வருசத்துல அஞ்சு அறுப்பு கூட எடுப்போம், அதனால எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு பந்தல்ல கொத்து தொங்கும். கூப்பிடு தூரத்துல சுருளி அருவி. ஆனா சுருளியில குளிச்சுட்டு வந்து கிளாஸைச் சுத்தி மோந்து பாத்தா ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டாய்ங்க, அதனால நீ நாசிக்குக்கே போ.

போற போக்குல எனக்கு ஒரு சோலி. செப்டம்பர் கடைசின்னு நான் அழுத்திச் சொன்னேன்ல, அப்பதான் அங்க காய்க் கவாத்து ஆரம்பிக்கும். கவாத்து முடிஞ்ச கையோட கண்ணு எல்லாம் ஒண்ணா வெடிக்கறதுக்கு ஒரு மருந்து தடவுவாய்ங்க. நீ கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சுப் போயி, வேலை செய்யுறவன் குச்சிக்கு எத்தனை கண்ணு விட்டு வெட்டுறான், அந்த மருந்தை ஒரு லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு ஊத்துறான், கையுறை போட்டிருக்கானா இல்லையான்னு பாத்து, கிட்டக்க நாலு போட்டோ எடுத்து அனுப்பு. கூட்டாளிகளோட நீ நிக்கிற போட்டோ எல்லாம் வேணாம். குச்சி தெளிவா விழுகணும்.