ஏப்ரல் பனியின் ஏற்பாட்டாளர்

பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்தில், பெரும்பாலும் ஐம்பது வயதைத் தொட்ட ஆண்களிடையே, இரண்டு விரதங்களைக் கைவிடாமல் காக்கும் ஒரு வகையினர் உண்டு. ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு விளையாடும் விடுமுறையை எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் துணையும் இல்லாமல் தாமே ஏற்பாடு செய்வது முதல் விரதம். அதையும் பருவம் முடியும் தறுவாயில், அதாவது ஏப்ரலில் செய்வது இரண்டாவது. விமானச் சீட்டு, விமான நிலையத்திலிருந்து மலைக்குப் பேருந்து, தங்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே விலையில் முடித்துத் தரும் 'பேக்கேஜ்' முறை இவர்களுக்கு ஆகாது. அப்படிப் போகிறவர்களை இவர்கள் இகழ்வதில்லை; "பாவம், அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது" என்பார்கள். அந்த இரக்கத்துக்கு ஆளாவதைவிட இரண்டு வசவு வாங்கிக்கொள்வது எளிது. இவ்வகையினரை வசதி கருதி 'ஏற்பாட்டாளர்' என்று ஒருமையில் குறிக்கலாம்.

ஏற்பாட்டாளருக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், 1894 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து மலைக் கணவாயைக் கடந்து அரோசாவுக்கு, உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்கள் இருவருடன் சறுக்குக் கட்டைகளிலேயே போய்ச் சேர்ந்தார். அரோசா விடுதியின் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில், சகோதரர்களில் ஒருவர் டாயிலுக்காக 'விளையாட்டு வீரர்' என்று எழுதி வைத்தார். பருவம் இறங்குமுகம், நடுவில் நிறுவனம் எதுவும் இல்லை, உடன் வந்தவர்கள் இருவரே என்பதால் ஏற்பாட்டாளரின் கண்ணுக்கு இது இலக்கணம் வழுவாத பயணம். ஆயினும் இந்தப் பயணத்தைப் பற்றி டாயில் எழுதிய கட்டுரையில் மலை இருக்கிறது, விழுந்து எழுந்த கதை இருக்கிறது, முன்பதிவைப் பற்றிய செய்தி மட்டும் இல்லை என்பதில் ஏற்பாட்டாளருக்குச் சிறு வருத்தம் உண்டு.

ஏப்ரல் மீதான பற்று முதலில் பணம் சார்ந்தது. பிரான்ஸ் தன் பள்ளிகளை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துக் குளிர்கால விடுமுறையை அடுத்தடுத்து விடுவதாலும், பிரிட்டனின் அரைப்பருவ விடுமுறையும் பிப்ரவரியிலேயே வந்து சேர்வதாலும், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மலையில் கூட்டமும் இறங்காது, விலையும் இறங்காது. ஏப்ரலில் இரண்டும் இறங்கும்; ஆனால் வழியில் ஈஸ்டர் நிற்கிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது திருச்சபையின் கணக்கு என்பதால், அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் விழலாம்: 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. ஈஸ்டருக்கு முன்பா பின்பா என்பதில் விலை பாதியாகவும் ஆகலாம், இரட்டிப்பாகவும் ஆகலாம். தேவாலயத்துக்குள் கடைசியாக எப்போது காலெடுத்து வைத்தார் என்பதே நினைவில்லாத ஏற்பாட்டாளர், வரப்போகும் ஐந்தாண்டுகளின் ஈஸ்டர் தேதிகளை, பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் அமாவாசையைச் சொல்வதுபோலத் தடையின்றி ஒப்பிப்பார்.

"ஏப்ரலில் பனி ஏது?" என்று அவரிடம் கேட்பவர் அன்றைய மாலைப்பொழுதை இழந்தார் என்றே கொள்ள வேண்டும். குளிர்காலம் முழுவதும் பெய்வது உயரமான இடங்களில் உருகாமல் சேர்ந்துகொண்டே போவதால், அங்கே பனியின் ஆழம் பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோதான் உச்சத்துக்கு வருகிறது. பல ஊர்களில் பருவம் முடிவதற்குக் காரணம் பனி தீர்ந்துபோவதல்ல, வாடிக்கையாளர் தீர்ந்துபோவதுதான். இது உண்மை, இதை அவர் உண்மைக்கு உரிய நிதானத்தோடு சொன்னால் கேட்பவர்களும் நம்புவார்கள். அவரோ மடிக்கணினியைத் திறந்துவிடுவார். எக்செல் தாளின் முதல் பத்தியில் ஊர்களின் உயரம் இறங்குவரிசையில் நிற்கும்: ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊரான பிரான்சின் வால் தோரன்ஸ் 2,300 மீட்டர், டீன்யே 2,100, இத்தாலியின் செர்வீனியா 2,050, ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் 1,930. சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் 1,620 மீட்டரில்தான் இருக்கிறது என்றாலும், அங்கிருந்து கம்பிவட ஊர்தி 3,883 மீட்டர் வரை ஏற்றிவிடுவதால் அதற்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு விதிவிலக்கு. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் 762 மீட்டரில் இருப்பதால் சிவப்பு நிறத்தில், ஓர் எச்சரிக்கையாக மட்டும் இடம்பெறும். இத்தனைக்கும், கோடையிலும் பனியாற்றின் மேல் சறுக்க வசதியுள்ள ஸெர்மாட்டுக்கோ ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸுக்கோ போய்விட்டால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லையே என்று யாராவது கேட்டால், எப்போதும் பனி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்பார்.

உயரத்துக்கு அடுத்தது திசை. வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவாக விழுவதால் அங்கே குளிர்காலப் பனி பல நாள் தாங்கும். மற்றச் சரிவுகளில் பகலில் இளகியது இரவில் உறைந்து, மறுநாள் காலையில் கல்லாகக் கிடந்து, பத்து பத்தரை மணிக்கு மேற்பரப்பு மட்டும் ஒரு விரற்கடை இளகி, சறுக்குக் கட்டைக்கு வழுக்கிக்கொடுக்கும் பதத்துக்கு வந்து, நண்பகலுக்குப் பின் கூழாகிவிடும். பிற்பகலில் இந்த ஈரப்பனி தன் கனத்தாலேயே சரியும் ஆபத்தும் உண்டு. எனவே காலையில் கிழக்குச் சரிவு, பின்னர் தெற்கு, கடைசியில் மேற்கு என்று சூரியனுக்குப் பின்னாலேயே போகும் நேர அட்டவணை ஒன்று, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அச்சிடப்பட்டு, நனையாத உறைக்குள் போடப்பட்டுவிடும்.

ஜனவரி தொடங்கியதும் அவருடைய இரவுகள் வெப்கேமராவோடு கழிகின்றன. மலையடிவாரத்தில் பொருத்தப்பட்ட இந்தக் கேமரா நள்ளிரவில் காட்டுவது இருட்டையும், சறுக்குப் பாதையைச் சமன்படுத்தும் இயந்திரத்தின் விளக்கு ஒன்று மெல்ல ஊர்வதையும் மட்டுமே. அவருக்கு அது போதும். லிஃப்ட் நிலையத்தின் வாசலில் ஒரு மரப்பெஞ்சு இருக்கிறது; ஊர் நிர்வாகம் வெளியிடும் பனி ஆழக் கணக்கை நம்பாத அவர், அந்தப் பெஞ்சின் கால்களைத்தான் நம்புகிறார். இருக்கை வரை மூடியிருந்தால் நிம்மதி. ஒரு கால் வெளியே தெரிந்துவிட்டால் படுக்கையில் புரள்வார், "பெஞ்சா?" என்று பக்கத்திலிருந்து அரைத் தூக்கத்தில் மனைவி கேட்பார்.

பனியைப் பற்றி இவ்வளவு அறிந்தவருக்கு மனிதர்களைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது என்பதே இவ்வகையினரின் தனிக்கூறு. அவருடைய எக்செல் தாளில் சாய்வுக் கோணத்துக்குப் பத்தி உண்டு, சுபாவத்துக்குப் பத்தி இல்லை. வாட்ஸ்அப் குழுவில் மூன்று தேதிகளைப் போட்டு வாக்கெடுப்பு நடத்துவார். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள், எதற்கு என்பது விளங்காது. மனைவியின் தம்பி "எதுவானாலும் சரி" என்பார். எதுவானாலும் சரி என்று முதலில் சொல்பவரே பின்னால் எதுவும் சரியில்லை என்று சொல்பவர் என்பது உலகம் அறிந்தது. ஏற்பாட்டாளர் அதைச் சம்மதமாகப் பதிவு செய்துகொண்டு முன்பணத்தைக் கட்டிவிடுவார்.

தங்குமிடம்தான் இந்த அறியாமை வெளிப்படும் இடம். பிரெஞ்சு மலையூர்களில் 1960களிலும் 1970களிலும் எழுந்த அடுக்குமாடிகளில், ஒரே அறை கொண்ட வீட்டின் நுழைவழியில், கதவுக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட மாடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்களைப் பொருத்தி அதற்கு 'மலை மூலை' என்று பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. இத்துடன் விரித்தால் கட்டிலாகும் சோபாவையும் சேர்த்து, முப்பது சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தை நான்கு பேருக்கு, சில வேளைகளில் ஆறு பேருக்கும், உரியதென்று விளம்பரம் சொல்லும். ஏற்பாட்டாளர் அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறார். சோபாவை விரித்தால் சமையல் மேடையின் அலமாரி திறக்காது என்பதும், ஆறு பேரின் ஈரக் காலுறைகளுக்கு ஒரே ஒரு வெப்பமூட்டிதான் என்பதும், ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ள மைத்துனர் மேல்கட்டிலில் படுத்தால் எழுந்திருக்கும்போதெல்லாம் கூரையில் இடிப்பார் என்பதும் சனிக்கிழமை மாலைதான் தெரியவரும். அடுத்த சனிக்கிழமை வரை மாற்றவும் முடியாது, ஏனெனில் அங்கே வாடகை சனி முதல் சனி வரை.

கார் விஷயத்தில் அவர் மீண்டும் மேதை. ஜெனீவா விமான நிலையத்துக்குப் பிரெஞ்சுப் பக்கம் ஒரு வாசல் இருப்பதும், அங்கே வாடகைக் கார் எடுத்தால் சுவிஸ் நெடுஞ்சாலைக்கான 40 பிராங்க் ஆண்டு வில்லை இல்லாமலே பிரான்சுக்குள் போய்விடலாம் என்பதும் அவருக்கு அத்துப்படி. மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்பது பிரெஞ்சு விதி. ஏப்ரல் பயணிக்கு அது பொருந்தாது என்று சங்கிலிச் செலவையும் மிச்சப்படுத்துவார். ஏப்ரலில் மலைப்பாதையில் திடீரெனக் கொட்டும் பனி அந்த விதியைப் படித்திருப்பதில்லை. வழியோரப் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் கடைசிச் சங்கிலியை, அங்கே கேட்கும் விலைக்கு வாங்கி, மண்டியிட்டு மாட்டும்போது, பேக்கேஜ் பயணிகளின் பேருந்து கடந்து போகும்.

இந்தச் சங்கிலி பின்னர் கணக்கில் 'முதலீடு' என்று ஏறும். பேக்கேஜைவிடத் தலைக்கு இத்தனை பவுண்டு மிச்சம் என்று அவர் காட்டும் கணக்கில், செப்டம்பரிலிருந்து அவர் விழித்த இரவுகளுக்குக் கூலி சேர்வதில்லை. பேக்கேஜ் விற்ற நிறுவனம் திவாலானால் பயணியின் பணத்தை மீட்டுத்தரும் 'ஆட்டோல்' என்ற பிரிட்டிஷ் காப்புத் திட்டம், தனித்தனியாக வாங்கிய சீட்டுகளையும் அறைகளையும் பொதுவாகக் காப்பதில்லை என்பதும் சேர்வதில்லை.

விடுமுறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பனி அவர் சொன்னபடியே இருக்கும். பத்தரை மணிக்குக் கிழக்குச் சரிவு அவர் சொன்ன பதத்துக்கே வரும். அந்நேரம் குழுவில் இருவர் காலணி இறுக்குவார்கள், ஒருவர் முட்டை பொரிப்பார், மைத்துனர் தலையைத் தடவிக்கொண்டு காப்பி குடிப்பார். எல்லோரும் மேலே போய்ச் சேரும்போது மணி ஒன்றரை, பனி கூழ். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்று அவர் எச்சரித்திருந்தும், தாடைக்கு அடியில் களிம்பு தடவாமல் வந்தவர்கள் அங்கே சிவந்து நிற்பார்கள்.

இத்தகையவர் எவருக்கேனும் நண்பராக வாய்த்து அழைப்பும் வந்தால், மறுக்க வேண்டியதில்லை. கேட்ட பணத்தைக் கேட்ட நாளில் அனுப்பிவிடலாம்; பனியைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆறு பேர் படுக்கலாம் என்று அவர் சொல்லும்போது மட்டும், எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.