தென்கொம்பு உயர்ந்த ஊர்

மருமவனே, பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கீராம். சிட்னியில டூன்சைடு பக்கம் பூங்காவுல, வெட்டவெளியில. சந்தோசம். நாள் குறிச்ச கதையை எம்மவ சொன்னா பாரும், சிரிச்சுச் சிரிச்சு வெத்தலைச் சாறு சட்டையில வழிஞ்சு போச்சு. பௌர்ணமி கழிஞ்ச மூணாம் நாள் மழை பெய்யாதுன்னு வாட்சப்புல எவனோ அனுப்பிச்சானாம், நீரும் சரின்னுட்டீராம். ஆபீசுல கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிற வேலைன்னுதானே கல்யாணத்தப்போ சொன்னாங்க?

குத்தம் சொல்லல வே. நம்புறதுன்னு ஆயிட்டா அரைகுறையா நம்பக்கூடாது, தொழிலாவே எடுத்துச் செய்யணும். சந்திரனை வச்சு மழை சொல்ற தொழில்ல நட்டமே வராது. சூட்சுமத்தைச் சொல்றேன், குறிச்சுக்கிடும். அமாவாசை, வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமின்னு மாசத்துக்கு நாலு திருப்பம். திருப்பத்துக்கு "மூணு நாள் முன்னப்பின்ன" வானம் மாறும்னு சொல்லும். அந்த நாளோட சேத்து ஏழு நாள், நாலேழு இருபத்தெட்டு. சந்திரனோட மாசமே 29½ நாள்தான். மிச்சம் கிடக்கிற ஒண்ணரை நாள்ல மழை வந்தா அன்னைக்கு மட்டும் போனை எடுக்காதேயும்.

அதுக்கும் மேல ஒரு பாதுகாப்பு வேணும்னா நம்ம பஞ்சாங்கத்தைப் பாரும். இந்த வருசம் இத்தனை மரக்கால் மழைன்னு போட்டுட்டு, அதுல கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நாட்டுக்கு இவ்வளவுன்னு பங்கும் பிரிச்சிருப்பாங்க. பெரும்பங்கு கடலுக்கு. வயல் காய்ஞ்சு கிடந்தாலும் கணக்கு தப்பல, நம்ம பங்கு கடல்ல விழுந்துட்டுது. கடலுக்குள்ள போய் அளந்து பாத்தவன் எவன்?

ஆனா இந்தக் கடையை நாம இருக்கிற பிளாக்டவுன்ல போடுறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஊர்ல பெருசுக மூணாம் பிறையைப் பாத்து என்ன சொல்லும்? வடகொம்பு உயர்ந்தா நல்ல மழை, தென்கொம்பு உயர்ந்தா பஞ்சம். அங்க பிறை மல்லாந்து கிடக்கும், வருசத்துல சில மாசம் இந்தப் பக்கம், சில மாசம் அந்தப் பக்கம்னு சாயும். சோசியனுக்குத் தோதா இருக்கும். இங்க நாம பூமத்திய ரேகைக்குத் தெக்க 34 பாகையில குடியிருக்கோம். சூரியனும் சந்திரனும் வடக்கு வானத்து வழியாப் போகுது. சாயங்காலம் வீட்டுக் கொல்லையில மேக்க பாத்து நின்னு பாரும், பிறையோட வெளிச்சம் இடது கைப்பக்கம் கீழ்வாக்குல இருக்கும், மேல தூக்கி நிக்கிறது தென்கொம்பு. சித்திரையில பாத்தாலும் அதேதான், ஐப்பசியில பாத்தாலும் அதேதான். நம்ம ஊர்க் கணக்குப்படி பிளாக்டவுனுக்கு நிரந்தரப் பஞ்சம்.

அந்த நிரந்தரப் பஞ்சத்துலதான் வே 2022-ல சிட்னி அப்சர்வேட்டரி குன்றுல 2,530 மில்லிமீட்டர் கொட்டுச்சு. அதுக்கு முன்ன 1950-ல பெஞ்ச 2,194தான் உச்சம். ஹாக்ஸ்பரி ஆறு பெருகி விண்ட்சர் பாலமே தண்ணிக்குள்ள போச்சு. அதுக்கு மூணு வருசம் முன்னால, 2019-ல? கணக்கெடுக்க ஆரம்பிச்சதுல இருந்து ஆஸ்திரேலியா அவ்வளவு காய்ஞ்சதும் இல்ல, அவ்வளவு கொதிச்சதும் இல்ல. காடெல்லாம் எரிஞ்சு புகை இங்க வரைக்கும் வந்துது. அடுத்து வந்த சனவரி 4-ல பென்ரித்துல 48.9 டிகிரி. மார்கழி மாசம், மருமவனே! காய்ஞ்ச 2019-லயும் பௌர்ணமி 12, முங்கின 2022-லயும் பௌர்ணமி 12. சந்திரன் தன் பாட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு. மாறினது கடல். 2019-ல இந்துமாக்கடலோட மேக்குப் பக்கம் சூடேறிக் கிழக்குப் பக்கம் குளிர்ந்துபோச்சு, ஆஸ்திரேலியாவுக்கு வரவேண்டிய ஈரம் வரல. அடுத்த வருசத்துல இருந்து பசிபிக்ல லா நினா, தொடர்ந்து மூணு கோடைக்கு. ஆனா கடல் சூட்டைக் காலண்டர்ல தேதி போட்டு அச்சடிக்க முடியாதே. சந்திரன் நாள் தவறாத ஆளு, அதனால அது தலையிலதான் எல்லாத்தையும் கட்டுறோம்.

உம்மை மட்டும் கேலி பண்ணினா பாவம். இதே சிட்னியில உம்மைவிடப் பெரிய மண்டைக்காரங்க இதுல விழுந்திருக்காங்க. ஹென்றி சேம்பர்லேன் ரசல்னு ஒருத்தர், 1870-ல இருந்து 1905 வரைக்கும் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்க வானியலாளர். 1877-ல சிட்னி மார்னிங் ஹெரால்டுல வானிலை வரைபடம் வரவச்ச ஆளு. பண்ணைக்காரங்க, போஸ்ட் மாஸ்டருங்கன்னு ஊரூரா ஆள் பிடிச்சு மழை அளக்க வச்சார். அவ்வளவு கணக்கையும் முன்னால பரப்பி வச்சுக்கிட்டு 1896-ல சொன்னார், வறட்சி 19 வருசத்துக்கு ஒருக்கா திரும்பி வருதுன்னு. 19 வருசம் போனா அதே தேதியில அதே திதி வரும், அது சந்திரனோட கணக்கு. அப்புறம் சந்திரன் வடக்கும் தெக்குமா நகர்றதுக்கும் மழைக்கும் முடிச்சுப் போட்டும் எழுதினார். அவர் எழுதின காலத்துலயே, 1895-ல தொடங்கி 1903 வரைக்கும், ஆடு மாடெல்லாம் செத்து விழுந்த வறட்சி. அந்தக் காட்சியைப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன் ஒரு ஒழுங்கைத் தேடினார், தேடினது கிடைச்ச மாதிரியும் தெரிஞ்சுது. அவரைப் பாத்து எனக்குச் சிரிப்பு வராது. மழையை நம்பி மானாவாரி வெதைச்சவனுக்குத்தான் அந்தத் தேடல் புரியும்.

ரெண்டாமத்த ஆளு இன்னும் சுவாரசியம். எட்வர்ட் போவன், வேல்ஸ் நாட்டுக்காரர், போர்க்காலத்துல விமானத்துல ரேடார் வச்சவர், அப்புறம் சிட்னியில சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ரேடியோ இயற்பியல் பிரிவுக்குத் தலைவர். அவரோட ஆளுங்க 1947-லயே பாதர்ஸ்ட் பக்கம் மேகத்துல உலர்பனி தூவி மழை வரவச்சாங்க. அவரும் ஆடர்லேங்கிறவரும் நியூசிலாந்து மழைக் கணக்கைச் சந்திரனோட ஒட்டிப் பாத்தாங்க. ஒட்டுது! ஆனா எரிகல் தூசிதான் மழைக்கு விதைன்னு முன்னயே ஒண்ணைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவர் போவன், இதையும் சொன்னா என்ன ஆகும்னு உள்ளயே வச்சிருந்தார். 1962-ல அமெரிக்காக்காரங்க தங்க நாட்டுக் கணக்குலயும் அதையே கண்டதும், ரெண்டு கட்டுரையும் 'சயன்ஸ்' பத்திரிகையில ஒண்ணா வந்துது. அதுல என்ன சொல்லியிருந்துது தெரியுமா? அமாவாசையும் பௌர்ணமியும் கழிஞ்ச சில நாள்லதான் பெருமழை கூடுதலாம். நீரு சந்திரனை நம்புறதா இருந்தா, உம்ம மூணாம் நாள்தான் கொட்டுற நாள். வாட்சப்புக்காரன்கிட்ட இதைக் கேளும், "மூணு நாள் முன்னப்பின்ன"ன்னு சொல்லித் தப்பிச்சுருவான்.

இதே போவன் முன்ன நின்னு கட்டினதுதான் பார்க்ஸ்ல இருக்கிற பெரிய ரேடியோ தொலைநோக்கித் தட்டு. 1969 சூலை 21-ஆம் தேதி, நம்ம ஆடி மாசம், மனுசன் சந்திரன்ல கால் வைக்கிறதைப் பிடிக்க அந்தத் தட்டு சாய்ஞ்சு காத்துக் கிடக்குது. அந்த நேரம் பாத்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல காத்து வந்து ரெண்டு தடவை அறைஞ்சுது. தட்டு தாங்கக்கூடிய அளவைத் தாண்டின காத்து. உலகமே சந்திரனைப் பாத்துக்கிட்டு இருந்த அன்னைக்கே பார்க்ஸுக்கு எந்தச் சாடையும் கிடைக்கல. ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு நம்ம ஆத்தா சொன்னதுதான் பலிச்சுது. நல்லவேளை, தட்டு பறக்கல.

அதுக்காகச் சந்திரன் ஒண்ணுமே செய்யலன்னும் சொல்லிட முடியாது. கடல் தண்ணியை இழுக்கிறது காத்தையும் இழுக்கத்தான் செய்யும். 2016-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க 15 வருச செயற்கைக்கோள் மழைக் கணக்கைப் பிரிச்சு மேய்ஞ்சு பாத்தாங்க. சந்திரன் உச்சிக்கு வர்றப்போ காத்தழுத்தம் ஒரு நூல் கூடுது, காத்து ஒரு நூல் சூடாகி ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாத் தாங்குது, மழை ஒரு நூல் குறையுது. எவ்வளவு? மொத்த மழை மாற்றத்துல நூத்துல ஒரு பங்கு. கறிக்குழம்பு அண்டாவுல ஒரு கல் உப்பு கூடிப்போச்சுன்னு சமையக்காரனை அடிக்கப் போறது மாதிரிதான் அதை வச்சு நாள் குறிக்கிறது.

உமக்கு வானத்தைப் பாத்தே தீரணும்னா, பழசுல உருப்படியான ஒண்ணு இருக்கு. எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை. ராத்திரி சந்திரனைச் சுத்திப் பெருசா, அகலமா ஒரு வட்டம் கட்டியிருந்தா, ஆறேழு கிலோமீட்டர் உசரத்துல ஐஸ் துகளா ஒரு மெல்லிய மேகம் விரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தத் துகள்ல வெளிச்சம் வளையறதால வட்டம் எப்பவும் 22 பாகை தூரத்துல நிக்கும். பல சமயம் பின்னாலயே மழைக்கூட்டம் வந்துக்கிட்டு இருக்கும். சந்திரனை ஒட்டிச் சின்னதாத் தெரியுற வட்டம் வேற, அது கீழ இருக்கிற மேகத்து நீர்த்துளி காட்டுற வேலை. இது ரெண்டுலயும் சந்திரன் வெறும் விளக்குதான். விளக்கு வெளிச்சத்துல தெரியுற மேகத்தைப் பாத்தவன் பொழைச்சான். பிளாக்டவுன்லயும் இது செல்லும், தெக்க உயர்ந்தாலும் வடக்க உயர்ந்தாலும் வட்டம் வட்டந்தானே.

ஆனா எல்லா மழையும் வட்டம் கட்டிட்டு வராது. பகல் முழுக்கக் கொதிச்சுட்டுச் சாயங்காலம் தெக்கத்திக் காத்து வந்து இடி இடிச்சா, அது யாருக்கும் வெத்தலை பாக்கு வைக்காது. அதனால வியாழக்கிழமையில இருந்து வானிலைத் துறை ரேடாரைத் திறந்து வச்சுக்கிடும், அது உம்ம வாட்சப்பு இருக்கிற அதே போன்லதான் இருக்கு. அப்புறம், தாய்மாமன்காரன், எம்மவன், மெல்போர்ன்ல இருந்து புதுப் பட்டுவேட்டியோட வாரான். அவன் மடியில பிள்ளையை வச்சுக் காது குத்துறப்போ தலைக்கு மேல ஒரு கூடாரம் இருக்கட்டும். கூடாரக்காரன்கிட்ட இன்னைக்கே சொல்லி வையும். வெள்ளிக்கிழமை மேகத்தைப் பாத்துட்டுப் போன் பண்ணினா அவன் ரெட்டை வாடகை கேப்பான், எந்தப் பிறையும் பாக்க மாட்டான்.