தோழியா, தூரமா?

கேள்வி: மகள் ‘ஓ’ நிலைத் தேர்வு எழுதியிருக்கிறாள். பக்கத்திலிருக்கும் ஜூரோங் பயனியர் தொடக்கக்கல்லூரி போதும் என்கிறேன். தோழி சேரும் கல்லூரிதான் வேண்டும் என்கிறாள் அவள். என்ன செய்ய?
– ஒரு தாய், பூன் லே

பதில்: அம்மா, நீங்கள் தூரத்தைப் பார்க்கிறீர்கள், அவள் தோழியைப் பார்க்கிறாள். பாடத்தை யார் பார்ப்பது? அந்தப் ‘பக்கமும்’ அவ்வளவு பக்கமில்லை. கார்ப்பரேஷன் ரோட்டிலிருந்த ஜூரோங் தொடக்கக்கல்லூரி 2019இல் பயனியரோடு இணைந்து தேக் வாய் போய்விட்டது. பூன் லேயில் எம்ஆர்டி ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, சுவா சூ காங்கில் எல்ஆர்டி பிடிக்க வேண்டும். அதுவும் விடிகாலைத் தூக்கத்தோடு!

தோழி விஷயமும் அப்படித்தான். அவள் இயற்பியல், இவள் வரலாறு என்றால் ஒரே கல்லூரியிலும் சந்திப்பு கேன்டீனில்தான். எந்தப் பாடத்தை அலுக்காமல் படிப்பாள் என்று முதலில் கேளுங்கள். தமிழ் என்றால், நேஷனலிலும் ஆண்டர்சன் சிராங்கூனிலும் தமிழுக்கென்றே சிறப்புத் திட்டம் உண்டு, தூரத்தைப் பார்க்காதீர்கள். நிதானமாகப் படிப்பவளா? புக்கிட் பாத்தோக் மில்லெனியாவில் இரண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு கிடைக்கும். விண்ணப்பத்தில் பன்னிரண்டு இடம் எழுதலாம். முதல் வரியை அவள் நிரப்பட்டும். உங்களுடையது இரண்டாவதாக இருக்கட்டும்.